இரண்டு நாளில் ஒரு காட்டுமலை: தினமும் போய்த் திரும்புவதா, அடிவாரத்தில் தங்குவதா, குறுக்கே கடப்பதா, காரில் சுற்றுவதா?

நகரத்திலிருந்து இரண்டு மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய காடடர்ந்த மலைத்தொடர் ஒன்று இருக்கிறது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் கையில் இருக்கின்றன. இதில் என்ன குழப்பம் என்று தோன்றலாம். ஆனால் மலை அருகில் இருப்பதுதான் குழப்பத்துக்கே காரணம். தொலைவிலுள்ள மலைக்குப் போகிறவருக்கு அங்கேயே தங்குவதைத் தவிர வேறு வழி இருப்பதில்லை. அருகிலுள்ள மலைக்கோ நான்கு வழிகள் திறந்திருக்கின்றன. இரண்டு நாளும் காலையில் போய் மாலையில் வீடு திரும்பலாம். அடிவாரச் சிற்றூரில் ஓர் இரவு தங்கி, அங்கிருந்து இரண்டு நாளும் நடக்கலாம். ஒரு பக்கம் ஏறி, மலைக்குள்ளேயே இரவைக் கழித்து, மறுபக்கம் இறங்கலாம். அல்லது காரில் மலைச்சாலையைச் சுற்றி வரலாம்.

இந்த நான்கில் எது என்று கேட்பவர்களிடம் பேசிப் பார்த்தால், பெரும்பாலோர் எந்தச் சிகரம் உயரமானது, எந்த அருவி பெரியது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, போகும் வழியைக் கடைசியில் யோசிப்பது தெரிகிறது. நான் அதைத் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். இரண்டு நாள் பயணத்தில் பார்க்க வேண்டிய இடங்களுக்குப் பஞ்சமே இல்லை, பஞ்சம் வெளிச்சத்துக்குத்தான். விடியும்போதும் பொழுது சாயும்போதும் நாம் எங்கே இருக்கப் போகிறோம் என்பதை முடிவு செய்துவிட்டால், மற்றவை பெரும்பாலும் அதன் பின்னாலேயே வந்துவிடும்.

## எதை வைத்து அளப்பது

முதலில் கணக்கிட வேண்டியது காட்டுக்குள் கிடைக்கும் பகல் நேரம். வீட்டு வாசலில் தொடங்கி நடைபாதையின் முதல் அடி வரை ஆகும் நேரத்தையே பயண நேரமாகக் கொள்ள வேண்டும். கைபேசி வரைபடம் காட்டும் நேரத்தில் பேருந்துக்குக் காத்திருப்பதும், வண்டி நிறுத்த இடம் தேடுவதும், சோதனைச் சாவடியில் பெயர் எழுதுவதும் சேர்வதில்லை. அதோடு, காட்டில் எல்லா மணி நேரமும் ஒன்றல்ல. பறவைகளின் குரல் விடியலை ஒட்டிய ஒரு மணி நேரத்தில்தான் நிறைந்து ஒலிக்கிறது. மான்கள் உட்படப் பல விலங்குகள் விடியலிலும் அந்தியிலுமே அதிகம் நடமாடுகின்றன. நடுப்பகலில் காடு அடங்கிக் கிடக்கும். காலை பத்து மணிக்கு உள்ளே போய் மாலை நான்கு மணிக்கு வெளியே வந்தவர் “அங்கே ஒன்றுமே இல்லை” என்று சொல்வது பொய்யல்ல. அவர் போன நேரத்தில் அங்கே உண்மையிலேயே ஒன்றும் இருந்திருக்காது. நம் பழைய இலக்கண மரபு குறிஞ்சி நிலத்துக்கு உரிய சிறுபொழுதாக யாமத்தை, அதாவது நள்ளிரவை, வைத்தது. மலையின் நேரம் நடுப்பகல் அல்ல என்பது அந்த மரபினருக்குத் தெரிந்திருந்தது.

அடுத்தது கால்களின் கணக்கு. ஸ்காட்லாந்து மலையேறியான வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன எளிய விதி இன்றும் பயன்படுகிறது: சமதள நடைக்கு 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம்; அதற்கு மேல், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் இன்னொரு மணி நேரம். 12 கிலோமீட்டர் நீளமும் 900 மீட்டர் ஏற்றமும் உள்ள பாதைக்கு இந்த விதிப்படி ஏறத்தாழ 3 மணி 55 நிமிடம் ஆகும். இது பழகிய கால்களுக்கு, ஓய்வில்லாமல் நடந்தால் ஆகும் நேரம். வாரம் முழுதும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் இதோடு பாதியைக் கூட்டிக்கொள்வது நல்லது. அப்போது ஏறத்தாழ 6 மணி நேரம் வரும். சாப்பாட்டுக்கும் மூச்சு வாங்குவதற்கும் படமெடுப்பதற்கும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கினால் ஏழரை மணி நேரம் ஆகிவிடும். வழிகாட்டிப் பலகையில் “4 மணி நேரம்” என்று எழுதியிருப்பதை நம்பிப் பிற்பகலில் புறப்படுகிறவர்கள் இருட்டில் இறங்குவது இதனால்தான். அடர்ந்த மரக்கூரையின் கீழே தரைக்கு வந்து சேரும் வெளிச்சம் நூற்றில் சில பங்குதான் என்பதால், காட்டுக்குள் அந்தி வெளியே இருப்பதைவிட முன்னதாகவே வந்துவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, திட்டம் கெட்டால் என்ன செய்வது என்பது. மழை பிடிக்கலாம், கணுக்கால் பிசகலாம், உடன் வந்தவர் பாதி வழியில் முடியாது என்று உட்கார்ந்துவிடலாம். அப்போது எவ்வளவு எளிதாக வெளியே வர முடியும் என்பதில் நான்கு வழிகளுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. நான்காவதாக மறைமுகச் செலவைப் பார்க்க வேண்டும். பணம் அதில் ஒரு பகுதி மட்டுமே. கடைசியாக, யாரோடு போகிறோம் என்பது. குழுவின் வேகம் அதில் மிக மெதுவாக நடப்பவரின் வேகம்தான். பயணத்தை வழக்கமாகத் திட்டமிடுபவரோ குழுவிலேயே வேகமாக நடப்பவர். சண்டைகள் பல இங்கேதான் பிறக்கின்றன.

## நான்கு வழிகளின் மணிக் கணக்கு

கீழுள்ள அட்டவணையில் காலை 6 மணிக்கு விடிந்து மாலை 6 மணிக்கு இருட்டுவதாகவும், வீட்டிலிருந்து நடைபாதை வரை ஒரு வழிக்கு 2 மணி நேரம் ஆவதாகவும், முதல் நாள் காலை 6 மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புவதாகவும் வைத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் பருவத்துக்கும் தூரத்துக்கும் ஏற்ப எண்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

| வழி | காட்டில் பகல் மணி | விடியல் | அந்தி | பயண மணி | முதுகில் எடை |
|---|---|---|---|---|---|
| இரண்டு ஒருநாள் பயணங்கள் | 17 | இல்லை | இல்லை | 8 | 4–6 கிலோ |
| அடிவாரத்தில் தங்குதல் | 15½ | ஒன்று | ஒன்று | 4 | 4–6 கிலோ |
| குறுக்கே கடத்தல் | 18 | ஒன்று | ஒன்று | 5 | 10–12 கிலோ |
| காரில் சுற்றுதல் | 4–5 | ஒன்று | ஒன்று | 4, மலைச்சாலையில் மேலும் 6 | இல்லை |

முதல் இரண்டு வரிகளைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். தங்காமல் போய்த் திரும்புகிறவர், தங்குகிறவரைவிடக் காட்டில் அதிக மணி நேரம் செலவிடுகிறார். இந்த எண் சரியானதே. ஆனால் அந்தப் பதினேழு மணியில் விடியலும் இல்லை, அந்தியும் இல்லை.

## இரண்டு நாளும் போய்த் திரும்புதல்

இந்த வழியைப் பலரும் ஏளனமாகப் பார்க்கிறார்கள். அதற்குத் தகுதியான வழி அல்ல இது. நகரத்திலிருந்து ரயிலோ டிராமோ நேராகக் காட்டின் விளிம்புக்குப் போகும் ஊர்களில் இதைவிடச் சுலபமானது வேறில்லை. வியன்னாவில் டிராமின் கடைசி நிறுத்தத்திலிருந்தே வியன்னாக் காட்டுக்கான நடைபாதை ஒன்று தொடங்குகிறது. டோக்கியோவின் ஷின்ஜுகு நிலையத்திலிருந்து 599 மீட்டர் உயரமுள்ள தகாவோ மலையின் அடிவாரத்துக்கு ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். சியோலில் 836 மீட்டர் உயரமுள்ள புகான்சான் மலைக்குச் சுரங்க ரயிலில் போய் இறங்கி நடக்கலாம். இத்தகைய இடங்களில் இரவு தங்கினால் கிடைக்கும் கூடுதல் பயன் குறைவு.

இதன் பெரிய பலம், சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் ஒன்றையொன்று சார்ந்திராதது. சனியன்று மழை பெய்தால் ஞாயிறு மட்டும் போகலாம். முதல் நாள் கால் வலித்தால் இரண்டாம் நாளைக் கைவிடலாம். முன்பணம் கட்டிய அறை வீணாகிறதே என்ற கவலை இல்லை. இரண்டு நாளும் மலைத்தொடரின் வெவ்வேறு முனைகளுக்குப் போகலாம் என்பதும் பலருக்குத் தோன்றாத வசதி.

மறைமுகச் செலவு ஞாயிறு மாலையில் வந்து நிற்கும். நகரமே அந்த நேரத்தில் மலையிலிருந்து திரும்பிக்கொண்டிருக்கும். காலையில் இரண்டு மணி நேரமாக இருந்த சாலை மாலையில் மூன்று மணி நேரமாவது எல்லாப் பெருநகரங்களிலும் நடப்பதுதான். இந்த வழியில் அந்தத் தண்டனையை இரண்டு முறை அனுபவிக்கிறோம். பயணச் செலவும் இரட்டிப்பாகிறது. காரில் இரண்டு பேர் மட்டும் போவதாக இருந்தால், இரண்டாம் முறை போய் வரும் எரிபொருளையும் சுங்கத்தையும் கூட்டிப் பார்த்தபின் எளிய அறை ஒன்றின் வாடகை பெரிதாகத் தெரியாமல் போகலாம். விடியலைப் பிடிக்க அதிகாலை நான்கு மணிக்குக் கிளம்புவேன் என்று சொல்பவர்கள், எட்டு மணி நேர நடைக்குப் பின் மாலையில் அதே வண்டியைத் தூக்கக் கலக்கத்தோடு ஓட்டி வர வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். மலையில் நடக்கும் ஆபத்தைவிட அதுவே பெரிய ஆபத்து.

பயண நேரம் ஒரு வழிக்கு ஒன்றரை மணிக்குள் இருந்தாலோ, வீட்டில் இரவு தங்கியாக வேண்டிய கட்டாயம் இருந்தாலோ, வானிலை நம்பத்தக்கதாக இல்லாவிட்டாலோ இதுவே சிறந்த வழி. 50 பாகை அட்சரேகையை ஒட்டிய நாடுகளில் குளிர்கால நடுவே பகல் எட்டு மணி நேரமாகச் சுருங்கும்போது கணக்கு முற்றிலும் மாறிவிடும். அங்கே பயணத்தை இருட்டில் வைத்துக்கொண்டாலொழிய இந்த வழியில் நடப்பதற்கு நேரமே மிஞ்சாது.

## அடிவாரச் சிற்றூரில் தங்குதல்

என்னிடம் கேட்பவர்களில் பெரும்பாலோருக்கு நான் சொல்வது இதைத்தான். சனியன்று எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்து, பெரிய பைகளை அறையில் போட்டுவிட்டு, எட்டரைக்கு நடக்கத் தொடங்கி ஐந்து மணிக்குத் திரும்பலாம். அந்தி நேரத்தில் ஊரின் காட்டோர எல்லையில் சும்மா உட்கார்ந்திருக்கலாம். சொல்லப்போனால், நடக்கும்போது பார்க்காதவற்றை அந்த அரை மணியில் பார்த்தவர்களே அதிகம். மறுநாள் விடியும்போது காட்டுக்குள் இருக்கலாம். ஞாயிறு ஒரு மணிக்கு நடையை முடித்து இரண்டரைக்குக் கிளம்பிவிட்டால், நெரிசல் முற்றுவதற்கு முன் வீடு சேர்ந்துவிடலாம்.

இரண்டு நாள் நடையை எப்படிப் பிரிப்பது என்பதில் உடல் சார்ந்த ஒரு விவரம் உண்டு. ஏற்றம் மூச்சை வாங்கும். ஆனால் பின்னால் வலிக்க வைப்பது இறக்கம். இறங்கும்போது தொடையின் முன்தசைகள் நீண்டுகொண்டே எடையைத் தாங்க வேண்டியிருக்கிறது. பழக்கமில்லாத தசைக்கு அந்த வகை உழைப்பினால் பிந்தி வரும் வலி 24 முதல் 72 மணி நேரத்தில் உச்சத்துக்கு வரும். ஆகவே நீண்ட நடையைச் சனிக்கிழமையும், குறுகிய நடையை ஞாயிறு காலையும் வைக்க வேண்டும். கால் விறைப்பு ஞாயிறு மதியம் தொடங்கும்போது நீங்கள் வண்டியில் உட்கார்ந்திருப்பீர்கள். சிகரத்தை ஞாயிறுக்கு ஒதுக்கி வைக்கிறவர்கள், திங்களும் செவ்வாயும் அலுவலகப் படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்து இறங்குவார்கள். இது எந்தச் செலவுப் பட்டியலிலும் வராத செலவு.

குறைகளும் இருக்கின்றன. அறையிலிருந்து நடைபாதை தொடங்கும் இடம் ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருந்து, அங்கே போக வண்டி கிடைக்காவிட்டால், இந்த வழியின் பயன் பாதியாகக் குறைந்துவிடும். “மலையடிவாரத்தில்” என்று விளம்பரம் செய்யும் தங்குமிடங்கள் பல, மலை கண்ணுக்குத் தெரியும் நெடுஞ்சாலையோரத்தில்தான் இருக்கின்றன. முன்பதிவுக்கு முன் வரைபடத்தில் அறைக்கும் பாதை முகப்புக்கும் இடையிலான தூரத்தை அளந்து பார்ப்பது ஐந்து நிமிட வேலை. போன பாதையிலேயே திரும்ப வேண்டியிருப்பது இன்னொரு குறை. சுற்றிவரும் பாதை உள்ள ஊராகத் தேர்ந்தால் அது தீர்ந்துவிடும்.

மழையோ காயமோ வந்தால் இதுவே மிகப் பொறுமையான வழி: ஒருவர் அறையில் ஓய்வெடுக்க, மற்றவர்கள் நடக்கலாம். வேகம் வெவ்வேறாக உள்ள குழுவுக்கும், முதல்முறை மலைக்கு வருபவர்களுக்கும், பத்து வயதுக் குழந்தையோடு வருபவர்களுக்கும் வேறு எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

## மலையைக் குறுக்கே கடத்தல்

ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்குவதில் உள்ள நிறைவு வேறெதிலும் கிடைக்காது என்பதை ஒப்புக்கொண்டே தொடங்குகிறேன். மலைத்தொடர் என்பது ஒரு பக்கம் ஈரமாகவும் மறுபக்கம் வறண்டும் இருக்கும் இரண்டு காடுகள் என்பது, முகட்டைத் தாண்டி இறங்கும்போதுதான் உடம்புக்குத் தெரிகிறது. இரவும் காட்டுக்குள்ளேயே கழிகிறது. அட்டவணையில் உயர்ந்த எண்ணும் இதற்குத்தான்.

விலையும் அதிகம். கூடாரம், உறக்கப்பை, இரண்டு நாள் உணவு, அடுப்பு என்று சேர்த்தால் பை 10 முதல் 12 கிலோ வரை வரும். உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்க வேண்டாம் என்பது மலை நடையில் வழங்கும் பொதுவான வரம்பு; 55 கிலோ எடையுள்ளவருக்கு அந்த வரம்பு 11 கிலோ, அதாவது அவர் கிளம்பும்போதே எல்லையில் நிற்கிறார். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. வழியில் ஓடை இருந்தால் குறைவாகச் சுமக்கலாம். ஆனால் ஓடை நீரைக் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும்: நன்கு கொதி வந்தபின் ஒரு நிமிடம், 2,000 மீட்டருக்கு மேல் என்றால் மூன்று நிமிடம். அந்த எரிபொருளுக்கும் எடை உண்டு. வழியில் தங்கும் குடில் இருந்து, அதில் முன்கூட்டி இடம் பிடிக்க முடிந்தால் இந்தச் சுமையில் பாதி குறையும். அப்படிப்பட்ட மலைகளில் இந்த வழியின் மதிப்பே மாறிவிடுகிறது.

அனுமதியைக் கடைசி நேரத்தில் தேடக் கூடாது. நகரத்துக்கு அருகிலுள்ள காடுகளில் பல அந்த நகரத்தின் நீர்ப்பிடிப்புப் பகுதிகள். ரியோ டி ஜெனீரோவின் திஜூக்கா காட்டையே எடுத்துக்கொள்ளலாம்: காப்பித் தோட்டங்களுக்காகச் சரிவுகளை வெட்டியதால் ஊருக்கான நீரூற்றுகள் குன்றின, 1861 முதல் அரசே மரம் நட்டு அந்தக் காட்டைத் திரும்ப உருவாக்கியது. குடிநீருக்காகக் காக்கப்படும் இடத்தில் தீ மூட்டுவதற்கும், ஓடையருகே கூடாரம் போடுவதற்கும், இரவு தங்குவதற்கும் கட்டுப்பாடுகள் இருப்பது இயல்பு. பல காடுகளில் இரவில் தங்க அனுமதியே கிடையாது. அப்படியென்றால் இந்த வழியைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவதே நேர்மை. யாருக்கும் தெரியாமல் தங்கிவிடலாம் என்று நினைப்பவர், தான் அங்கே இருப்பது யாருக்கும் தெரியாது என்பதே விபத்தின்போது தனக்கு எதிராகத் திரும்பும் என்பதை யோசிப்பதில்லை.

எந்தத் திசையில் கடப்பது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. சனிக்கிழமை காலையில், புத்துணர்ச்சியோடு இருக்கும்போதே, சுற்றிக்கொண்டு மலையின் தொலைவான பக்கத்துக்குப் போய்விட வேண்டும். அங்கிருந்து நகரத்தை நோக்கி நடக்க வேண்டும். ஞாயிறு மாலை சோர்ந்து இறங்கும் இடத்தில் வண்டிகள் அடிக்கடி கிடைக்க வேண்டும் என்பதே காரணம். நான் முதன்முறை இதை எதிர்த்திசையில் செய்தேன். இறங்கிய பக்கத்தில் மாலையில் ஒரே ஒரு பேருந்துதான்; அதைக் கால் மணி நேரத்தில் தவறவிட்டு, சாலையோரக் கல்லில் உட்கார்ந்து, கடந்து போகும் ஒவ்வொரு வண்டிக்கும் கை காட்டிக்கொண்டிருந்தேன். காரில் போகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் வேறு உருவத்தில் வரும்: வண்டி ஒரு பக்கம், ஆள் மறுபக்கம். இரண்டு கார்களில் போய் ஆளுக்கொரு பக்கம் நிறுத்தினால் தீரும். ஆனால் அதற்குச் சனிக்கிழமைக் காலையில் ஒன்றரை மணி நேரமாவது போய்விடும். சிட்னிக்கு அருகிலுள்ள நீலமலைகளைப் போல ரயில்பாதை முகட்டின் மீதே ஓடும் இடங்களில் இந்தத் தொல்லையே இல்லை. ஒரு நிலையத்தில் இறங்கி நடந்து, வேறொரு நிலையத்தில் ஏறிக்கொள்ளலாம்.

இரவு தங்கும் இடத்தை முகட்டுக்கு இந்தப் பக்கமே, கீழே வைத்துக்கொள்வதும் முக்கியம். வெயிலில் சூடேறிய காற்று மேலெழுந்து இடிமழையாவது மலைகளில் பெரும்பாலும் பிற்பகலில்தான். சனி பிற்பகலில் முகட்டின் மேல் நிற்பதைவிட, முகட்டுக்குச் சற்றுக் கீழே தங்கி ஞாயிறு காலையில் அதைக் கடப்பது பாதுகாப்பானது. மின்னலுக்கும் இடிமுழக்கத்துக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால் திறந்த மேட்டிலிருந்து உடனே இறங்க வேண்டும். கடைசி முழக்கத்துக்குப் பின் 30 நிமிடம் காத்திருக்க வேண்டும்.

தப்பும் வழி இதில்தான் மிகக் குறைவு. பாதி தூரம் போனபின் திரும்புவதும் தொடர்வதும் ஒரே அளவு நீளம். ஆகவே இதற்கு முன் அதே மலையிலோ, அதைப் போன்ற மலையிலோ முழுநாள் நடை நடந்திருப்பவர்கள், இரண்டு முதல் நான்கு பேர் கொண்ட குழுவாக, ஒத்த வேகம் உள்ளவர்களாக இருந்தால் மட்டும் இதைத் தேர்வதே சரி.

## காரில் சுற்றி வருதல்

மலைச்சாலையில் சராசரி வேகம் மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டுவது அரிது. வரைபடத்தில் 180 கிலோமீட்டர் என்று தெரியும் சுற்று, ஆறு மணி நேர ஓட்டம். அந்த ஆறு மணி நேரமும் ஓட்டுநர் பார்ப்பது அடுத்த கொண்டை ஊசி வளைவை. பின்னிருக்கையில் இருப்பவர்களில் ஒருவருக்காவது குமட்டும். காட்சிமுனைகளில் முற்பகலுக்குள் வண்டி நிறுத்த இடம் தீர்ந்துவிடும். இறக்கத்தில் பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிமானம் குறையும் என்பதால், ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சாலை தெரியும் தூரம் வரை இருப்பது காட்டின் ஓரம்தான்; வண்டிச் சத்தம் கேட்கும் தூரத்தில் காடு தன்னைக் காட்டுவதில்லை.

ஆனாலும் முழங்கால் வலியுள்ள பெற்றோரையோ, தூக்கிக்கொண்டு நடக்க வேண்டிய குழந்தையையோ அழைத்துப் போகிறவர்களுக்கு இதுவே வழி, அதில் குறைபட ஒன்றுமில்லை. அப்படிப் போகும்போது சுற்றை முழுவதும் முடிக்க வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டுவிட்டு, மலைமேல் ஓர் இடத்தில் தங்கி, விடியலில் அரை மணி நேரம் சாலையை விட்டு உள்ளே நடந்து பார்க்கலாம். புதிய மலைத்தொடரை முதன்முறை நோட்டம் பார்க்கவும் இது பயன்படும். எந்தப் பள்ளத்தாக்கில் அடுத்த முறை தங்குவது என்பதை ஒரே சுற்றில் கண்டுபிடித்துவிடலாம்.

## மலையின் எந்தப் பக்கம்

வழியைத் தேர்ந்தபின், பலரும் யோசிக்காமல் விடுவது பக்கத்தை. நகரத்தைப் பார்த்த பக்கம் போவதற்கு எளிது, கூட்டமும் அங்கேதான். இன்னும் முக்கால் மணி நேரம் ஓட்டிப் பின்பக்கம் போனால் பாதைகள் காலியாக இருக்கும். கிழக்குச் சரிவில் காலை வெயில் முதலில் விழும். பிற்பகலில் முகட்டின் நிழல் சீக்கிரம் படர்ந்து, மாலை ஐந்து மணிக்கே இருட்டத் தொடங்கும். மேற்குச் சரிவில் இதன் மறுதலை. விடியலுக்காகத் தங்குகிறவர் கிழக்கிலும், காலையில் எழ முடியாதவர் மேற்கிலும் தங்குவது பொருத்தம்.

ஈரக்காற்று எந்தப் பக்கத்திலிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கத்தில் காடு அடர்த்தியாகவும், பாதை வழுக்கலாகவும், ஓடைகள் நிறைந்தும் இருக்கும். ஈரமான வெப்பநிலக் காடுகளில் அட்டைகளும் அங்கேதான். மறுபக்கம் மழை மறைவுப் பகுதி. நடப்பதற்கு எளிது, தண்ணீருக்குக் கடினம். மழைக்காலத்தை ஒட்டிப் போனால் மறைவுப் பக்கத்தையும், கோடையில் போனால் ஈரப் பக்கத்தையும் தேர்வேன்.

உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் குறையும் என்பது பலருக்குத் தெரியும். தெளிந்த, காற்றில்லாத இரவில் இது தலைகீழாவது தெரிவதில்லை: குளிர்ந்த காற்று கனமானது என்பதால் சரிவில் வழிந்து பள்ளத்தாக்கின் அடியில் தேங்கும். ஓடையோரப் புல்வெளியில் கூடாரம் போட்டவர் நடுங்கிக்கொண்டிருக்க, நூறு மீட்டர் மேலே மேட்டில் படுத்தவர் நிம்மதியாகத் தூங்குவார்.

## ஐந்தாவதாக ஒரு வழி

நான்கையும் ஒப்பிட்டபின், பட்டியலில் இல்லாத ஒன்றை நான் பெரும்பாலும் செய்கிறேன். வெள்ளிக்கிழமை இரவே கிளம்பி அடிவாரத்தில் போய்ப் படுத்துவிடுவது. அப்போது சனியன்று காலை ஆறு மணி முதல் மாலை ஐந்து மணி வரை பதினொரு மணி நேரமும், ஞாயிறு ஏழு மணி நேரமும் காட்டில் கிடைக்கின்றன. மொத்தம் பதினெட்டு, மலையைக் குறுக்கே கடப்பவருக்குக் கிடைக்கும் அதே எண், பன்னிரண்டு கிலோ பை இல்லாமல். விடியலோ ஒன்றுக்கு இரண்டு. கூடுதலாக ஆகும் செலவு ஓர் இரவு வாடகையும், வெள்ளி மாலை அலுவலகத்திலிருந்து நேரத்துக்குக் கிளம்பும் மன உறுதியும்.

நிபந்தனைகள் இரண்டு. தங்குமிடம் வளைவுகள் தொடங்குவதற்கு முன், சமதளத்திலேயே இருக்க வேண்டும். களைத்த கண்களோடு இருட்டில் மலைச்சாலையை ஓட்டக் கூடாது. இரவு பத்து மணிக்கு மேல் வந்தால் கதவைத் திறப்பார்களா, விடிவதற்கு முன் வெளியே போக விடுவார்களா என்ற இரண்டு கேள்விகளையும் முன்பதிவின்போதே தொலைபேசியில் கேட்டுவிட வேண்டும். காலை எட்டு மணிக்குத்தான் வாயில் திறக்கும் என்று சொன்னால், வேறு இடம் பார்ப்பது நல்லது.